வீங்கிய கண்டன்சர்களும் ஒரு திருட்டுக் கதையும்

கணினியின் வரலாறு என்று நமக்குக் கிடைப்பது கண்டுபிடித்தவர்களின் வரலாறு. கொஞ்சம் தாராளமாகப் போனால் விற்றவர்களின் வரலாறு. பழுது பார்த்தவர்கள் அதில் வருவதில்லை. பழுது என்பது வரலாற்றுக்கு வெளியே நடக்கிற விபத்து, சரிசெய்தவுடன் மறந்துவிட வேண்டியது என்கிற எண்ணம் நம்மிடமும் இருக்கிறது. உற்பத்தி உறவுகளைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதும் நாம், உற்பத்தியான பொருள் கெட்டுப்போகும் இடத்தில் என்ன உறவுகள் வெளியே தெரியவருகின்றன என்று கேட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை.

நான் எடுத்துக்கொள்வது ஒரு குறிப்பிட்ட பழுதை. ஏறத்தாழ 1999 தொடங்கி 2007 வரை, கணினி மதர்போர்டுகளில் பிராஸசரைச் சுற்றி வரிசையாக நிற்கும் சிறு அலுமினிய உருளைகள் உலகம் முழுக்க வீங்கின, சில வெடித்தன, பல மண்டையைப் பிளந்துகொண்டு பழுப்பாகக் கசிந்தன. ஆங்கிலத்தில் இதற்குக் 'கெபாசிட்டர் பிளேக்' என்று பெயர் வைத்தார்கள். பிளேக் என்று சொன்னவுடனேயே அது யாரும் செய்யாத, தானாக வந்த கொள்ளைநோய் ஆகிவிடுகிறது. அப்புறம் அதற்கு ஒரு திருடனும் கண்டுபிடிக்கப்பட்டான். நோய், திருடன் என்ற இந்த இரண்டு சொல்லாடல்களுக்கும் நடுவில் சத்தமில்லாமல் நழுவிப்போனவர்கள் யார் என்பதைப் பார்க்க வேண்டியிருக்கிறது. மதுரையில் டிவி மெக்கானிக் ஒருவர் எனக்குக் காட்டிய ஒரு போர்டிலிருந்துதான் இந்தச் சந்தேகம் தொடங்கியது. அவரிடம் பின்னால் வருகிறேன்.

முதலில் சொல். பள்ளிக்கூடத்தில் 'மின்தேக்கி' என்று படித்தோம். நல்ல சொல்தான், கண்மாய் ஞாபகம் வருகிற சொல். ஆனால் ஃபேன் சுற்றாதபோது எலக்ட்ரீஷியன் 'கண்டன்சர் போச்சு' என்றுதான் சொல்வார். ஆங்கில மின்னணுவியல் எப்போதோ கைவிட்டுவிட்ட பழைய பெயர் அது. நம் பட்டறைகளில் இன்னும் சாகவில்லை. நானும் கண்டன்சர் என்றே எழுதுகிறேன்.

*

உள்ளே இருப்பது எளிய விஷயம். இரண்டு அலுமினியத் தாள்கள், நடுவே திரவத்தில் ஊறிய காகிதம்; எல்லாவற்றையும் பாய் சுருட்டுகிற மாதிரிச் சுருட்டி ஒரு அலுமினியக் குப்பியில் அடைத்து, அடியில் ரப்பர் மூடி போட்டால் கண்டன்சர். ஒரு தாளின் மேல் இருக்கும் மிக மெல்லிய அலுமினிய ஆக்சைடு படலம்தான் மின்சாரத்தைத் தடுத்து நிறுத்தும் சுவர். காகிதத்தில் ஊறிய திரவம், அதாவது எலக்ட்ரோலைட், அந்தச் சுவர்வரை போய் ஒட்டிக்கொண்டு மறுபக்கத் தகடாக வேலை செய்கிறது. சுவரில் விரிசல் விழுந்தால் அடைத்தும் விடுகிறது. குப்பியின் தலையில் எக்ஸ் அல்லது கே வடிவத்தில் ஒரு கீறல் போட்டிருப்பார்கள். உள்ளே வாயு சேர்ந்தால் குண்டு மாதிரி வெடிக்காமல் அந்தக் கோட்டில் பிளக்கட்டும் என்று. எப்படிச் சாக வேண்டும் என்பதை மண்டையிலேயே வரைந்து அனுப்பப்பட்ட பொருள் இது.

மதர்போர்டில் இதற்கு என்ன வேலை? எஸ்எம்பிஎஸ் தருகிற 12 வோல்ட்டைப் போர்டு ஒன்றரை வோல்ட் அளவுக்கு இறக்கித்தான் பிராஸசருக்குக் கொடுக்கிறது. நொடிக்கு லட்சக்கணக்கான தடவை மின்சாரத்தைத் திறந்து மூடித்தான் இந்த இறக்கம் நடக்கிறது. திறந்து மூடுவதால் எழும் அலையை வாங்கிச் சமன் செய்வது கண்டன்சர். 2000 நவம்பரில் பென்டியம் 4 வந்தது. 2004ல் அதன் 'பிரஸ்காட்' வகை வந்தபோது ஒரு பிராஸசர் மட்டும் 100 வாட்டுக்கு மேல் இழுத்தது. ஒன்றரை வோல்ட்டுக்கும் குறைந்த அழுத்தத்தில் 100 வாட் என்றால் கிட்டத்தட்ட 70 ஆம்பியர். நம் வீட்டில் கிரைண்டர் செருகுகிற பெரிய பிளக்கே 15 ஆம்பியர்தான்.

இவ்வளவு அலையை வாங்கும்போது கண்டன்சரின் உள்தடை காரணமாக அது சூடாகிறது. இந்த உள்தடையைத்தான் இ.எஸ்.ஆர். என்கிறார்கள். இதைக் குறைக்க வேண்டும், விலையும் ஏறக்கூடாது. ஜப்பானின் ரூபிகான் கம்பெனி 1998ல் எலக்ட்ரோலைட்டில் சுமார் 40 விழுக்காடு தண்ணீர் சேர்த்த இசட்.எல்., இசட்.ஏ. என்ற வரிசைகளைக் கொண்டுவந்தது. தண்ணீரைவிட மலிவான சரக்கு எது? ஆனால் தண்ணீர் அலுமினியத்தைத் தின்னும்; தின்று ஹைட்ரஜன் வாயுவைக் கக்கும். ஆகவே தண்ணீரை அலுமினியத்திடமிருந்து தள்ளி வைக்கிற சேர்மானங்கள் வேண்டும். முழு ரகசியமும் அந்தச் சேர்மானத்தில் இருந்தது.

*

இந்த இடத்தில்தான் கதை நுழைகிறது. 2002 செப்டம்பர் வாக்கில் 'பாஸிவ் காம்பொனென்ட் இண்டஸ்ட்ரி' என்ற தொழில்துறை இதழிலும், 2003 பிப்ரவரியில் 'ஐ.இ.இ.இ. ஸ்பெக்ட்ரம்' இதழிலும் வந்தது. ரூபிகானில் வேலை பார்த்த ஒரு விஞ்ஞானி அங்கிருந்து விலகிச் சீனாவில் 'லூமினஸ் டவுன் எலக்ட்ரிக்' என்ற கம்பெனியில் சேர்கிறார். அங்கே அந்த நீர் எலக்ட்ரோலைட்டைத் தயாரிக்கிறார். அவருக்குக் கீழே வேலை பார்த்தவர்கள் சூத்திரத்தை எடுத்துக்கொண்டு கிளம்பித் தைவான் தயாரிப்பாளர்களுக்கு விற்கிறார்கள். ஆனால் எடுத்தது பாதிதான். சேர்மானம் விட்டுப்போச்சு. பாதிச் சூத்திரத்தில் செய்த கண்டன்சர்கள் கோடிக்கணக்கில் உலகம் முழுக்கப் போய் வீங்கின.

நான் படித்த எந்தச் செய்தியிலும் அந்த விஞ்ஞானிக்குப் பெயர் இல்லை. சூத்திரத்தைத் தூக்கியவர்களுக்கும் பெயர் இல்லை. ஆனாலும் கதை உலகம் பூராவும் நிலைத்துவிட்டது. ஏன் என்று யோசித்தால், இதன் கதையாடல் அமைப்பு நமக்கு ஏற்கெனவே பழக்கமானது. மூலம் ஜப்பானில் இருக்கிறது. சீனாவில் அது கசிகிறது. தைவானில் அதன் மலிவான நகல் பிறக்கிறது. நகல் எப்போதும் குறைபட்டது. அதைச் செய்தவன் அரைகுறை. திருட்டுக்குத் தண்டனை திருடிய பொருளுக்குள்ளேயே இருக்கிறது. நீதிக்கதை மாதிரி எவ்வளவு கச்சிதமாக முடிகிறது பாருங்கள். இதே ஜப்பானை ஒரு காலத்தில் மேற்கத்திய நாடுகள் காப்பியடிக்கிற நாடு என்றுதான் கேலி செய்தன என்பது கதைக்குள் வருவதில்லை.

நகல் என்றதும் நமக்குக் கொஞ்சம் கூச்சம் வரவேண்டும். ஃபூக்கோவையும் தெரிதாவையும் நம்மில் பலர் படித்தது ஜெராக்ஸில்; அதிலும் சில பக்கங்கள் விட்டுப்போன ஜெராக்ஸில். பாதிச் சூத்திரத்தை வைத்து நாம் செய்த கட்டுரைகள் எத்தனை வீங்கியிருக்கின்றன என்பதை இன்னொரு சந்தர்ப்பத்தில் பேசலாம்.

கதை முழுப் பொய் என்று நான் சொல்லவில்லை. வீங்கிய தைவான் கண்டன்சர்களைத் திறந்து ஆய்ந்தவர்களும் அந்தச் சேர்மானம் இல்லை, அல்லது போதவில்லை என்றே கண்டார்கள். என் கேள்வி வேறு. ஒரு கதை உண்மையாகவும் இருந்துகொண்டு, அதே சமயம் மற்றதையெல்லாம் மறைக்கவும் செய்யலாம் அல்லவா?

*

2012ல் நான் எம்.ஏ. தமிழ் படித்துக்கொண்டிருந்தேன். சாயங்காலங்களில் மதுரையில் ஒரு டிடிபி மையத்தில் மெய்ப்புத் திருத்தப் போவேன். சிற்றிதழ்கள், கவிதைத் தொகுப்புகள், கட்சித் துண்டறிக்கைகள், கல்யாணப் பத்திரிகைகள் எல்லாம் அங்கேதான் அச்சுக்கோப்பு ஆகும். நடத்திய அக்காவிடம் 2004ல் அசெம்பிள் செய்து வாங்கிய ஒரு பென்டியம் 4 இருந்தது. காலையில் மூன்று தடவை பட்டனை அமுக்கினால்தான் எழும்பும். அப்புறம் பக்கத்தின் நடுவில் தானாக அணைந்து எழும்பும். விற்ற கடையில் பார்த்துவிட்டு, "போர்டு போச்சு. புதுசா வாங்கிருங்க" என்றார்கள்.

புதுசு வாங்க முடியாததற்குப் பணம் மட்டும் காரணமில்லை. ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வேறு பெட்டியில் மாட்டினால் ஃபைல்கள் வந்துவிடும், அது அக்காவுக்கும் தெரியும். ஆனால் அந்த ஃபைல்கள் பேஜ்மேக்கரில், ஒருங்குறிக்கு முந்திய எழுத்துருவில் செய்தவை. அந்த எழுத்துரு மென்பொருள் வேலை செய்ய, கணினியின் பின்னால் பேரலல் போர்ட்டில் தீப்பெட்டி அளவில் ஒரு பூட்டைச் செருகியிருக்க வேண்டும். யாரும் நகல் எடுத்துவிடக் கூடாது என்று விற்றவர்கள் கொடுத்த பூட்டு. புதிதாக வந்த பெட்டிகளில் பேரலல் போர்ட்டே இல்லை. எட்டு வருஷத்துச் சிற்றிதழ்ப் பக்கங்கள் அந்த ஒரு போர்டில் மாட்டிக்கொண்டிருந்தன.

அக்கா தெருமுனையில் டிவி ரிப்பேர் செய்யும் அண்ணனிடம் அனுப்பினார். படக்குழாய் டிவி ஒழிந்துகொண்டிருந்த காலம். அவருக்கு வேலை குறைவு. கேபினெட்டைத் திறந்தவர் மீட்டரைக்கூட எடுக்கவில்லை. "மண்டை வீங்கியிருக்கு பாருங்க தம்பி. விரலை வச்சுப் பாருங்க, தட்டையா இருக்கணும்" என்றார். பிராஸசரைச் சுற்றி ஒன்பது கண்டன்சர்கள் உப்பியிருந்தன. இரண்டின் காலடியில் காய்ந்த பழுப்புக் கறை.

முதல் தடவை தோற்றோம். அவரிடம் டிவிக்கு வைத்திருந்த கண்டன்சர்கள் இருந்தன. அதே 1500 மைக்ரோ ஃபாரட், வோல்ட் கொஞ்சம் கூடுதல், 105 டிகிரி தாங்கும் என்றும் எழுதியிருந்தது. போட்டார். ஓடியது. மூன்றாவது வாரம் பழையபடி அணைந்தது; தொட்டால் சுட்டது. குப்பியின் மேல் அளவு, வோல்ட், வெப்பநிலை எழுதியிருக்கும், இ.எஸ்.ஆர். எழுதியிருக்காது. வரிசையின் பெயராக இரண்டு எழுத்து இருக்கும், அதை வைத்துத் தயாரிப்பாளரின் அட்டவணையைத் தேடிப் பார்த்தால்தான் உள்தடை தெரியும். சாதா கண்டன்சருக்கும் இதற்கும் வெளியே பார்த்தால் ஒரு வித்தியாசமும் கிடையாது. குறைந்த செலவில் வேலையை முடிக்கப் பார்ப்பவர்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இங்கேதான். தைவான் கம்பெனிகளும் இப்படித்தான் மாட்டின என்று பின்னால் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது.

இரண்டாவது தடவை சென்னை ரிச்சி தெருவுக்குப் போன ஒருவரிடம் சொல்லி, 'லோ இ.எஸ்.ஆர்.' என்று கேட்டு, ஆறு வாங்கினோம். மூன்று, வேறொரு செத்த போர்டில் வீங்காமல் நின்றவற்றிலிருந்து எடுத்தது. எடுக்கிற வேலையே பாதி. மதர்போர்டு பல அடுக்குகள் கொண்டது. உள்ளே ஓடும் செம்புத் தகடு அயர்னின் சூட்டை உறிஞ்சிவிடும். டிவிக்குப் பயன்படும் 25 வாட் அயர்ன் அங்கே செல்லாது, 60 வாட் வேண்டும். பழைய ஈயத்தின் மேல் கொஞ்சம் புது ஈயம் விட்டு இளக்கி, கண்டன்சரைப் பக்கவாட்டில் சாய்த்து ஒரு கால், மறுபடி சாய்த்து இன்னொரு கால் என்று ஆட்டி ஆட்டி எடுத்தார். இழுக்கக் கூடாது, இழுத்தால் துளைக்குள் இருக்கும் செம்பு உறை கூடவே வந்துவிடும். துளையில் அடைத்த ஈயத்தைச் சுடவைத்து, ஈயம் ஒட்டாத எவர்சில்வர் கம்பியால் குத்தித் திறந்தார். கழற்றுவதற்கு முன்னால் எந்தப் பக்கம் கோடு, அதாவது மைனஸ், என்று காகிதத்தில் என்னை வரையச் சொன்னார். போர்டில் அச்சிட்டிருக்கும் அடையாளத்தை நம்பக் கூடாதாம், கம்பெனிக்குக் கம்பெனி மாறுமாம். தலைகீழாக மாட்டினால் வெடிக்கும். மொத்தச் செலவு, அவர் கூலியோடு, 300 ரூபாய்க்குள். கூலி வேண்டாம் என்றவரை அக்கா விடவில்லை.

வேலை முடிந்த பிறகுதான் அந்த இன்னொரு போர்டைக் காட்டினார். ஏதோ அலுவலகம் காலி செய்யும்போது எடைக்குப் போட்ட பிராண்டட் பெட்டியினுடையது. அதிலும் கண்டன்சர்கள் உப்பியிருந்தன. தைவான் திருட்டுக் கதையை நான் எங்கேயோ படித்துவிட்டு அவரிடம் பெருமையாகச் சொல்லியிருந்தேன். "இது ஜப்பான் சரக்கு தம்பி. எழுதியிருக்கிறதப் படிங்க. இத எவன் திருடினான்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

*

பதில் ஏற்கெனவே அமெரிக்காவில் ஒரு நீதிமன்றத்தில் கிடந்தது. டெல் கம்பெனியின் ஆப்டிபிளெக்ஸ் ஜி.எக்ஸ்.270, ஜி.எக்ஸ்.280 என்ற அலுவலகக் கணினிகள் 2003க்குப் பின் பெருவாரியாகச் செத்தன. அவற்றில் வீங்கியவை நிச்சிகான் என்ற பெரிய ஜப்பானியக் கம்பெனியின் கண்டன்சர்கள். திருட்டுக் கதையில் வருகிற தைவான் நகல்கள் அல்ல. 2005 அக்டோபர் கடைசியில் டெல் இந்தப் பழுதுகளுக்காக 30 கோடி டாலர் ஒதுக்குவதாக அறிவித்தது. அதற்குள் என்ன நடந்தது என்பது வெளியே தெரியவில்லை.

அட்வான்ஸ்டு இன்டர்நெட் டெக்னாலஜீஸ் என்ற ஒரு இணையச் சேவைக் கம்பெனி 2007ல் டெல் மேல் வழக்குப் போட்டது. அந்த வழக்கின் ஆவணங்கள் 2010ல் வெளியாகி, ஜூன் கடைசியில் 'நியூயார்க் டைம்ஸ்' எழுதியது. 2003 மே முதல் 2005 ஜூலை வரை விற்ற குறைந்தது 1 கோடியே 18 லட்சம் கணினிகளில் இந்த ஆபத்து இருந்தது. பாதிக்கப்பட்ட பெட்டிகளில் மூன்று வருஷத்துக்குள் 97 விழுக்காடு வரைக்கும் பழுதாகலாம் என்று கம்பெனியே நடத்திய ஆய்வு சொன்னதாக வழக்கில் கூறப்பட்டது. விற்பனையாளர்களுக்குப் போன அறிவுரையோ, வாடிக்கையாளரிடம் நீங்களாக இதைச் சொல்லாதீர்கள். கேட்டால் எதுவும் உறுதியாகத் தெரியாது என்பதை அழுத்திச் சொல்லுங்கள் என்பது. டெக்சாஸ் பல்கலைக்கழகக் கணிதத் துறை புகார் செய்தபோது, கடினமான கணக்குகளைப் போட்டுப் போட்டுக் கணினியை நீங்களே அளவுக்கு மீறி வருத்திவிட்டீர்கள் என்ற மாதிரிப் பதில் வந்தது. டெல்லுக்காக வாதாடிக்கொண்டிருந்த வழக்கறிஞர் நிறுவனத்தின் கணினிகளிலும் இதே பழுது. அவற்றைச் சரிசெய்யக்கூட டெல் தயங்கியது. பழுதான போர்டை எடுத்துவிட்டு மாற்றாகக் கொடுத்த போர்டிலும் அதே கண்டன்சர்கள் இருந்த கதைகள் உண்டு.

'நிச்சயமின்மையை அழுத்திச் சொல்' என்பதைப் படித்தபோது நான் கொஞ்ச நேரம் பக்கத்தை மூடிவைத்தேன். நிச்சயமின்மை நம் பக்கங்களில் ஒரு விடுதலைச் சொல்லாக இருந்தது. எந்தப் பிரதிக்கும் முடிந்த பொருள் இல்லை, எந்த உண்மையும் உறுதியில்லை என்று நாம் அதிகாரத்துக்கு எதிராகச் சொல்லிக்கொண்டிருந்தோம். இங்கே உண்மையை எண்ணிக்கையாகவே கையில் வைத்திருந்த அதிகாரம், எதிரே இருந்தவர்களுக்கு நிச்சயமின்மையை ஊட்டியிருக்கிறது. ஐயத்தை யார், எந்த இடத்தில் நின்று உற்பத்தி செய்கிறார்கள் என்று கேட்காமல் ஐயத்தையே கொண்டாடியது நம்முடைய பிழை என்று எனக்குப் படுகிறது. இதில் நண்பர்களுக்கு மறுப்பு இருக்கலாம்.

திருட்டுக் கதையின் அரசியல் பயன் இப்போது விளங்குகிறது. பெயரற்ற ஒரு திருடன் கிழக்கே எங்கோ இருக்கும்வரை, தெரிந்தே விற்றவன் திருட்டுக்கொடுத்தவனின் பக்கத்தில் போய் நின்றுகொள்ளலாம். தைவானிலிருந்த மதர்போர்டு கம்பெனிகளில் தன் போர்டுகளில் பழுது இருக்கிறது என்று 2002லேயே வெளிப்படையாக ஒத்துக்கொண்டது ஏபிட் மட்டும்தான். 2008 முடிவில் ஏபிட் மூடப்பட்டது. அதற்கு வேறு காரணங்களும் உண்டு, நான் முடிச்சுப் போடவில்லை. மற்றவர்கள் 2006, 2007 வாக்கில் திரவமே இல்லாத திட கண்டன்சர்களுக்கு மாறி, அதையே பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் விளம்பரம் செய்தார்கள். என்ன பழுதுக்கு இது மாற்று என்று அந்தப் பெட்டி சொல்லவில்லை.

இன்னொன்று. 2002ல் இந்தக் கசிவைப் பற்றி முதலில் எழுதியவர்களில் ஒருவர் கேரி ஹோல்ஸ்மன் என்ற அமெரிக்கக் கணினிப் பழுதுநீக்குநர். கம்பெனிகள் வாய் திறப்பதற்கு முன்னால், திறந்த கேபினெட்டுகளில் அவர் ஒரே மாதிரியான வீக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பெட்டி வைத்திருப்பவனுக்கு அது தன் தலைவிதி. வாரம் பத்துப் பெட்டி திறப்பவனுக்குத்தான் அது ஒரு வடிவமாகத் தெரியும். மதுரை அண்ணன் ஆங்கில இதழ் எதையும் படித்ததில்லை. அவர் கையில் கிடைத்த சான்று 2010ல் நீதிமன்றத்திலிருந்து வந்த சான்றுக்கு எந்த விதத்திலும் குறைந்ததில்லை. இந்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் 'பழுதுபார்க்கும் உரிமை' பற்றி ஒரு குழு அமைத்தது. டிசம்பரில் அதற்கென்று ஒரு தளமும் திறந்தது. வாங்கியவரும் கம்பெனியும் அதில் வந்துவிட்டார்கள். வரைபடம் இல்லாமல் விரல் நுனியால் பழுது கண்டுபிடிக்கிறவருக்கு அதில் என்ன இடம் என்று எனக்குக் கேட்கத் தோன்றுகிறது.

அக்காவின் கணினி ஓடியது. அடுத்த இரண்டு வருஷத்தில் இதழ்களின் பக்கங்களை ஒவ்வொன்றாக பிடிஎஃப் ஆக்கினோம். கட்டுரைகளை ஒருங்குறிக்கு மாற்றும்போது ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் இடம் மாறி, உட்கார்ந்து கையால் திருத்தியது தனிக் கதை. பூட்டு விற்றவர்களைத் தேடிப் பார்த்தோம், அந்த முகவரியில் இப்போது ஒரு ஜவுளிக்கடை இருக்கிறது. கழற்றிய ஒன்பது கண்டன்சர்களையும் அண்ணன் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு என்னிடம் கொடுத்துவிட்டார். போர்டில் மாட்டியவை இன்னும் வீங்கவில்லை. அதற்கப்புறம் அந்தப் பெட்டிக்குக் கெட்டுப்போனது கடிகார பேட்டரி மட்டும். ரெண்டு தடவை மாத்தியாச்சு.